பூ ஞாயிற்றுக்கு எத்தனை சர்வர்?

காலண்டர் தாளைக் கிழித்ததும் தெமெனுஷ்கா பார்ப்பது தேதியை அல்ல. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களை. அந்தப் பெயர் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அன்று பெயர் நாள், வீடு தேடிப் பூ வரும் நாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் படிக்கிறார். "சோஃபியா, வேரா, நதேஷ்தா, ல்யூபோவ்... அடேங்கப்பா, நாலு பேரா. வேராங்க எல்லாம் காலைல எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருவாங்களே." தாளை மடித்து இழுப்பறையில் போடுகிறார். கணினித் திரையில் இரண்டு என்று இருந்த எண்ணை நான்காக மாற்றுகிறார். அதற்குப் பிறகுதான் காப்பி.

அந்த எண்தான் அவருடைய வேலை. ப்ளோவ்திவ் நகரில், கபானா வட்டாரத்தின் குறுகலான தெரு ஒன்றில், தோல் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஓர் இணையப் பூக்கடை இயங்குகிறது. நாடு முழுக்க இருநூற்றுப் பத்து பூக்காரர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். வர்னாவில் இருக்கிற சித்திக்கு விதினிலிருந்து பூங்கொத்து அனுப்ப வேண்டுமானால் இந்தக் கடைதான். கடையைத் தாங்கும் சர்வர் கணினிகள் எங்கோ தூர தேசத்துக் கொட்டகையில் வாடகைக்கு நிற்கின்றன. இன்று எத்தனை ஓட வேண்டும், எப்போது கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பதைத் தெமெனுஷ்கா சொல்வார். கூடுதலாக ஓட்டினால் வாடகை வீண். குறைவாக ஓட்டினால் கடை படுத்துவிடும்.

வயது ஐம்பத்து மூன்று. குள்ளம். பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்றை அக்டோபரில் போட்டால் ஏப்ரலில்தான் கழற்றுவார். மேசைமேல் எப்போதும் சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்று பிரிந்து கிடக்கும். கூட்டம் ஏற ஏற அவர் விதை கொறிக்கும் வேகமும் ஏறும். பக்கத்து மேசைக்காரர்கள் திரையைப் பார்ப்பதே இல்லை, காதைத் தீட்டிக்கொண்டால் போதும் என்கிறார்கள். கடையில் இரட்டைப்படை எண்ணில் பூ வாங்க முடியாதபடி முதல் வருடமே அவர் ஒரு பூட்டுப் போட்டார். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. பன்னிரண்டு ரோஜாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில், "பன்னெண்டுன்னா உங்க பொண்டாட்டி உசுரோட இருக்காங்களான்னு நான் கேக்க வேண்டியிருக்கும்" என்று சொன்னார். அவர் பதின்மூன்று வாங்கினார்.

இதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நகரப் பேருந்துப் பணிமனையில் இருந்தவர். இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை கூடுதல் பேருந்து விடுவது என்று முடிவு செய்வது அங்கே அவர் பொறுப்பு. முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். வகுப்பில் எல்லாரும் அவரை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். கணினிப் படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், தொழிலில் அவர் நம்புவது பணிமனையில் கற்ற ஒன்றைத்தான். "கூட்டம் ஸ்டாப்புக்கு வந்து நின்னப்புறம் டிப்போலேர்ந்து பஸ்ஸைக் கிளப்பினா யாருக்குப் பிரயோஜனம்? கிழவிங்க மெழுகுவத்திய வச்சுக்கிட்டு மழைல நிப்பாங்க. பஸ் முன்னாடியே போய் நிக்கணும்."

அதற்காகப் பெயர்களை வெறுமனே எண்ணிக்கொண்டிருப்பவர் அல்ல. ஜனவரியில் இவான் நாள். நாட்டில் தடுக்கி விழுந்தால் ஓர் இவான்மேல்தான் விழ வேண்டும். அன்றைக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்ப் பத்து சர்வர் கேட்பார்கள். தெமெனுஷ்கா இரண்டோடு நிறுத்துவார். "எந்த இவானுக்குடா எவன் பூ வாங்கிக் குடுத்திருக்கான்? எல்லாம் பாட்டில்தான்." மார்ச் எட்டு, பெண்கள் தினம்: பெரிய கூட்டம், ஆனால் மூன்று நாளுக்குப் பரவி ஆற அமர வரும். பள்ளி திறக்கும் செப்டம்பர் காலை: டீச்சருக்குப் பூ வாங்க மறந்த அப்பாக்கள் ஏழு மணிக்கு அடித்துப் பிடித்து வருவார்கள், எட்டரைக்கு ஈ காக்கை இருக்காது. ஒவ்வொரு நாளின் குணமும் அவருக்குத் தெரியும்.

அவரை அழவைத்த நாள் ஒன்றே ஒன்று. அது பூ ஞாயிறு.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு அது. ரோசா, லிலியா, மார்கரிதா, நெவெனா என்று பூப் பெயரோ மரத்தின் பெயரோ வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அன்று பெயர் நாள். தெமெனுஷ்கா என்பதும் ஒரு பூதான், ஊதா நிறத்தில் வேலியோரம் பூப்பது. பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார். எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது. வந்தவர் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

போன வருடம் ரதோஸ்தின் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். டப்ளினில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவின் அடைத்த குடமிளகாய்க்காகத் திரும்பி வந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். கெட்டிக்காரன், சந்தேகமில்லை. காலண்டரைப் பார்த்து எண்ணை மாற்றுவதைக் கண்டு அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, அங்கெல்லாம் இத யாரும் கையால பண்றதில்ல. கூட்டம் ஏறினா சர்வர் தானா கூடும், இறங்கினா தானா குறையும். நாம தூங்கலாம்." அப்படி ஒரு தானியங்கி விதியை அவன் எழுதி மாட்டினான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தெமெனுஷ்காவும் அரை மனதாகத் தலையாட்டினார்.

பூ ஞாயிறன்று கோயில் பூசை முடிவது பத்தே முக்காலுக்கு. சனங்கள் மந்திரித்த வில்லோ மரக் கிளையோடு வீட்டுக்கு வந்து, அதைக் கதவில் செருகிவிட்டு, காப்பிக்கு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓர் அத்தையோ மைத்துனியோ ஞாபகத்துக்கு வந்தாள். விதிக்கு ஒரு பழக்கம் இருந்தது: இது நிஜக் கூட்டமா, சும்மா ஒரு துள்ளலா என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் காத்திருக்கும். காத்திருந்தது. பிறகு எட்டு சர்வர்களை ஒன்றாகக் கூப்பிட்டது. அவை எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வர நான்கு நிமிடம். வந்தவை எட்டும், ஆர்டர் எல்லாம் போய்ச் சேரும் ஒரே ஒரு டேட்டாபேஸின் கதவைச் சேர்ந்தாற்போலத் தட்டின. டேட்டாபேஸ் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. நாற்பது நிமிடம் கடை இல்லை.

அலுவலகத்தில் போராடிவிட்டு மாலையில் தெமெனுஷ்கா வீட்டுக்குப் போனபோது, பூட்டிய கதவின் கைப்பிடியில் ஏழு பூங்கொத்துகள் கட்டித் தொங்கின. வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். கணவர் லூபென் அப்போது பூர்காஸில் வேலையாக இருந்தார். ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்து அழுததாகத் தெமெனுஷ்காவே சொல்வார், வெட்கப்படாமல். கடை விழுந்ததற்குப் பாதி அழுகை, கதவுக்குப் பாதி.

மறுநாள் முதலாளி நைடென் காரபாஷெவ் மாடிக்கு ஏறி வந்தார். ஒரு காலத்தில் கண்ணாடி வீடுகளில் கார்னேஷன் பூ வளர்த்தவர். லாரி வைத்து ஓட்டியவர். கணினி அறைக்குள் வந்தால் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "தலைநகர்ல, சோஃபியால ஒரு கம்பெனி இருக்கு. இணையக் கடை நடத்த எல்லாத்தையும் ரெடிமேடா வச்சிருக்காங்க. இன்னொரு பூ ஞாயிறு இப்படி விழுந்துச்சுன்னா அவங்ககிட்ட குடுத்துருவேன். இந்த ரூம் அப்புறம் குடோன்தான். கோவிச்சுக்காதீங்க, சொல்லிட்டேன்."

அறையில் ஐந்து பேர். தெமெனுஷ்காவுக்கு இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அதை அவர் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் என் பேர்ல எழுதிக்குங்க அண்ணே. நிக்கலன்னா முதல்ல நான் போறேன்" என்றார். அன்று சாயங்காலமே ரதோஸ்தினின் விதியைத் தன் கையால் நிறுத்தினார்.

நைடெனிடம் அவருக்கென்று ஒரு யோசனை இருந்தது. "சின்னச் சின்னதா பத்து எதுக்கு? பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா என்ன? லாரிக்கு நான் அப்படித்தான் பண்ணேன்."

"பெருசு வருஷம் பூரா கொட்டாவி விடும் அண்ணே. அதுக்கு மேலயும் கூட்டம் வந்தா, அதவிடப் பெருசுக்கு எங்க போறது? விழுந்தா முழுசா விழும்."

"அப்ப சின்னதே போதும்ங்கிறே."

"டேட்டாபேஸ் மட்டும் பெருசா வேணும். அது வீட்டுக்கு ஒரே அடுப்பு. சமைக்கிறதுக்கு எத்தன பேரை வேணா கூப்பிட்டுக்கலாம், அடுப்பு ஒண்ணுதானே."

நைடெனுக்கு அடுப்பு புரிந்தது.

ஒரு வருடம் முழுக்கக் காலண்டரும் தெமெனுஷ்காவின் கையும் கடையை நடத்தின. ஒரு நாளும் விழவில்லை. அவர் நடையே கொஞ்சம் மாறிப்போயிருந்தது என்பார்கள். ரதோஸ்தின் வாரம் ஒரு முறை, "அக்கா, தாள்ல இல்லாத கூட்டம் வந்தா?" என்று கேட்பான். "தாள்ல இல்லாம யாருடா வரப்போறா?" என்பார் அவர்.

வந்தார்கள். இந்த வருடப் பூ ஞாயிற்றுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தெமெனுஷ்கா கையுறை போட்டுக்கொண்டு வீட்டில் செந்தட்டிக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளில் அன்றைக்கு ஒரு பெயரும் இல்லை. இரண்டு சர்வர் ஓடின. ஒன்பதரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவருடைய கடைக்கே பூக்கட்டும் ஆள், கையில் ஊதாப் பூங்கொத்து, எண்ணி ஒன்பது பூ. கூடவே அட்டை: 'பெயர் நாள் வாழ்த்துகள் அம்மா. விஹ்ரா.' மகள் விஹ்ரா ஸ்பெயினில், சரகோசாவில் இருக்கிறாள்.

முதலில் தெமெனுஷ்கா வயிறு வலிக்கச் சிரித்தார். "லூபென், இங்க வாங்க! உங்க மக ஒரு வாரத்த முழுங்கிட்டா! பக்கத்து வீட்டு ஸ்பானியக்காரி ஒலிவக் கிளையத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போறதப் பாத்திருப்பா, இன்னைக்குத்தான் பூ ஞாயிறுன்னு நெனச்சுட்டா கழுத." மேற்கத்தியர்களின் ஈஸ்டருக்கு வேறு கணக்கு; இந்த வருடம் அது ஒரு வாரம் முந்தி. போன வருடம் இரண்டும் ஒரே நாளில் வந்ததால் யாருக்கும் குழப்பம் இல்லை. லூபெனும் சிரித்தார். சிரிப்பின் நடுவில் தெமெனுஷ்கா நின்றுவிட்டார். கீரை கையிலேயே இருந்தது.

"எம் மக மறந்தான்னா," என்றார் மெதுவாக, "அங்க எத்தன மக இருப்பாளுங்க?"

கையுறையைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினிக்கு ஓடினார். ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல் என்று எங்கே பார்த்தாலும் மகள்கள். வெளிநாட்டு அட்டைகளைக் கடை ஏற்கத் தொடங்கியதும் போன இலையுதிர் காலத்தில்தான். யாரோ ஒருத்தி தங்கள் கைப்பேசிக் குழுவில், 'பொண்ணுங்களா, இன்னைக்குப் பூ ஞாயிறு, அம்மாவ மறந்துராதீங்க' என்று போட, அது கைக்குக் கை பரவியிருந்தது. கோயில் விட்டு வருகிற கூட்டத்தைப்போல ஒரேயடியாக அல்ல; பானையில் தண்ணீர் கொதிப்பதுபோல மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு சர்வரும் தவழ்ந்தன. இருபது நிமிடமாகப் பக்கங்கள் திறக்காமல் பலர் போயே போய்விட்டார்கள்.

இரண்டை ஆறாக்கினார். அவை எழுந்து வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கடை விழவில்லை, ஆனால் நொண்டியது. அடுத்த நிமிடமே ஆர்டர் பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதினார்: 'மகளே, இன்று இல்லை, அடுத்த ஞாயிறு. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?' பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் இரண்டு நாளும் கொடுங்கள் என்றார்கள்.

ரதோஸ்தின் தொலைபேசியில் வந்தான். பாவம், அவன் சந்தோஷப்படாமல் இருக்க ரொம்பவும் முயன்றான்.

"அக்கா, இதுக்குத்தான் சொன்னேன். விதி இருந்திருந்தா இந்தக் கூட்டத்தப் பாத்திருக்கும்."

"பாத்திருக்கும். போன வருஷமும் பாத்துச்சு. பாத்துட்டு அஞ்சு நிமிஷம் யோசிச்சுச்சு."

"இது மெதுவா ஏறின கூட்டம். இதுக்கு அஞ்சு நிமிஷம் தாராளம். காலண்டர் இன்னைக்குத் தோத்துருச்சு, ஒத்துக்கங்க."

"காலண்டர்ல ஒரு தப்பும் இல்ல. அவளுங்கதான் தப்பான நாட்டுல இருக்காளுங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று மதியம் கீரைச் சாற்றில் உப்புப் போட மறந்தார். ஒரு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவருக்கு உள்ளே சுருக்கென்றிருந்தது. நைடெனிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது: 'சோஃபியாக்காரர்கள் ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போடவில்லை. ஞாயிறு பார்க்கிறேன்.'

திங்கட்கிழமை காலை அவர் தாளைக் கிழித்ததும் நேரே ரதோஸ்தினின் மேசைக்குப் போனார். இரண்டு காப்பி வாங்கிவரச் சொல்லி, ஒன்றை அவனிடம் தள்ளினார். தோற்றவர் முகம் அல்ல அது, பங்கு பிரிக்க வந்தவர் முகம்.

"இங்க பாரு. தெரிஞ்ச கூட்டத்துக்கு நான், தெரியாத கூட்டத்துக்கு உன் விதி. ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பதரைக்கே பத்து மிஷின் நிக்கணும், கூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும். அது என் தரை. அதுக்குக் கீழ உன் விதி இறக்கக் கூடாது. அதுக்கு மேல ஏத்திக்கட்டும், எறக்கிக்கட்டும், என்னமோ பண்ணட்டும்."

"எவ்வளவு வரைக்கும்?"

"பதினாலு. அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது."

"ஏன் பதினாலு? இருபது வச்சுக்கலாமே."

"பதினஞ்சாவது வந்தா வரப்போற பெரிய அடுப்பே அணைஞ்சிரும். போன வாரமே நான் அதத் தட்டிப் பாத்துட்டேன். பதினாலுக்கும் பத்தலன்னா வர்றவங்கள வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டாங்க, அடுப்பு அணைஞ்சாத்தான் எல்லாரும் பட்டினி."

ரதோஸ்தின் யோசித்தான். விதி ஐந்து நிமிடம் காத்திருப்பதை ஒரு நிமிடமாகச் சுருக்கினான். சர்வர் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கும்படி மாற்றினான். அது தன் யோசனை என்று அவன் இன்றும் சொல்வான், அது உண்மையும்கூட. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ப்ளோவ்திவ்காரன் எவனும் எந்த அவசரத்துக்கும் தயாராக இல்லாத நேரமாகப் பார்த்து, கடையைப் பதினொரு நிமிடம் மூடி டேட்டாபேஸைப் பெரிய சர்வருக்கு மாற்றினார்கள்.

ஞாயிறன்று அலுவலகத்துக்கு வர மாட்டேன் என்று தெமெனுஷ்கா சொன்னபோதுதான் நைடெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன விளையாடறியா? அன்னைக்குத்தானே நீ இங்க இருக்கணும்?"

"போன வருஷம் இங்கதான் இருந்தேன், விழலையா? எம் பேரு நாள் அண்ணே. இந்தத் தடவ என் கதவத் தொறந்து வைக்கப்போறேன். போட்டது சரியா இருந்தா அடுக்களைலேர்ந்து பாத்தாலும் நிக்கும்."

ஆகவே அந்த ஞாயிறு, த்ராகியா குடியிருப்பின் ஆறாவது மாடியில், கதவில் வில்லோக் கிளை. சாப்பாட்டு மேசையில் ஆலிவ், ஊறுகாய், திராட்சை இலை உருண்டை, நடுவில் மடிக்கணினி. அடுப்புக்குள் மீன், நோன்புக் காலமானாலும் அன்றைக்கு மீன் உண்டு. பத்து மணிக்கே ரதோஸ்தின் வந்துவிட்டான். பத்தேகாலுக்கு நைடென், கையில் ஏழு துலிப், கோட்டுப் பையில் மடித்த ஒப்பந்தக் காகிதம். பெயர் நாளுக்கு வந்தவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்க முடியாது. அவர் கோட்டைக் கழற்றவில்லை. கணினிக்கு எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க அண்ணே."

"பரவால்ல, நிக்கிறேன்."

பத்து நாற்பத்து நாலுக்குத் தூரத்தில் மணி ஒலித்தது. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு இன்னும் தரையோடு படுத்திருந்தது. பதினொரு மணிக்கு அது நிமிர்ந்தது. ஏறியது என்று சொல்ல முடியாது, சுவர் எழுப்பியதுபோல் நின்றது. ரதோஸ்தின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தெமெனுஷ்கா லூபெனிடம் எலுமிச்சம்பழம் கேட்டார். முன்னாலேயே வந்து நின்ற பத்து சர்வரும் அந்தச் சுவரை வாங்கிக்கொண்டன. பக்கங்கள் திறந்தன, ஆர்டர்கள் விழுந்தன. நைடென் நெற்றியைத் துடைத்தார். ஆறு நிமிடம் கழித்துப் பத்து என்பது தானாகப் பதினொன்றானது.

"அது யாரக் கேட்டு ஏறுச்சு?" என்றார் நைடென்.

"நான்தான் கேக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார் தெமெனுஷ்கா.

விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பழைய பணிமனைத் தோழிகள் மூன்று பேர், மாலை வகுப்பில் கூடப் படித்தவர், மூன்றாம் மாடிக்காரர் குடும்பத்தோடு, இரண்டாம் மாடியிலிருந்து பெனா. நாற்காலி போதாமல் லூபென் பால்கனியிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். ரதோஸ்தின் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டான்.

பதினொன்றரைக்கு யாரும் எதிர்பாராத இரண்டாவது கூட்டம் ஒன்று வந்தது. எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது. மழைக்கு வீட்டில் அடைந்தவர்களாயிருக்கும் என்றான் ரதோஸ்தின், தொலைக்காட்சியில் யாரோ ஞாபகப்படுத்தியிருப்பார்கள் என்றார் லூபென். பன்னிரண்டு. ஒரு நிமிடத்தில் பதின்மூன்று. பிறகு பதினான்கு. கோடு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது, எண் நின்றுவிட்டது.

"நின்னுருச்சே!" நைடென் கையைப் பின்னாலிருந்து எடுத்தார். "தெமெனுஷ்கா, இருபது வை! சட்டுனு வை!"

"வைக்க மாட்டேன்."

"விழப்போகுதுடீ!"

"இருபது வச்சாத்தான் விழும்."

நைடென் ரதோஸ்தினைப் பார்த்தார். போன வருடம் எட்டைக் கூப்பிட்ட விதி அவனுடையது. அவன் உதட்டை நனைத்துக்கொண்டு, "அக்கா சொல்றது சரி சார்" என்றான்.

பெட்டியில் உட்கார்ந்திருந்த பெனா கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்தாள். வர்னாவில் இருக்கும் தங்கை யாகதாவுக்கு அப்போதுதான் பூ அனுப்பிக்கொண்டிருந்தாள். "இது என்ன, 'ஒரு நிமிஷம் பொறுங்க, வாசல்ல கூட்டம்'னு வருது?" நைடெனின் கை கோட்டுப் பைக்குள் போனது. பெனா வாயில் ஆலிவை வைத்துக்கொண்டு பொறுத்தாள். அடுப்புக்குள் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. "ம், தொறந்துருச்சு. ஒம்பது ரோஜா. போயிருச்சு."

லூபென் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மீன் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். மேசையில் அதை வைக்க இடமில்லை. திரையில் கோடு வளைவதும் தெரியவில்லை, விழுவதும் தெரியவில்லை. பதினான்கும் மூச்சுப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தன.

"சுடுதுடி," என்றார் லூபென்.

தெமெனுஷ்கா கை நீட்டி மடிக்கணினியை மூடினார்.

"ஏய்! அப்ப யார் பாக்கிறது?" என்றார் நைடென்.

தெமெனுஷ்கா மூடிய கணினிமேல் ரொட்டிக் கூடையைத் தூக்கி வைத்தார். காலியான இடத்தில் மீன் தட்டு வந்து இறங்கியது. பிறகு எழுந்து போய், நைடெனின் தோளிலிருந்து கோட்டை உருவி எடுத்து, பையில் இருந்த காகிதத்தோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.